வெறுங்கட்டம்

வலைப்பாட்டுக் கரையில்
இன்று வற்று ஐந்து நாற்பதுக்கு.
அட்டவணை அப்படித்தான் சொல்கிறது.
கடல் பத்து நிமிடம் பிந்தித்தான் எழும்பிப் போனது,
அதையும் எழுதிக்கொண்டோம்.

நாங்கள் ஐந்து பேர்.
தண்ணீர்ப் பைப்பை வெட்டி ஒட்டிய அரை மீற்றர்ச் சட்டம்,
முடிச்சு முடிச்சாய் ஐம்பது மீற்றர்க் கயிறு,
தாளைக் கவ்வும் பலகை, பென்சில்.
உப்புக்காற்றில் பேனை எழுதாது என்று
முதல் மாதமே படித்துவிட்டோம்.
சம்பளம் இல்லை. பிளேன்ரீ உண்டு,
யூட் மறக்காமல் கொண்டுவந்தால்.

கலிஸ்ரா முன்னால் போவாள்.
பதினொரு வருடம் கண்ணிவெடி அகற்றியவள்.
சட்டத்தை அவள் வைக்கிற விதமே வேறு,
சேற்றுக்கு நோகக்கூடாது என்பதுபோல.
குந்தியிருந்து இடமிருந்து வலமாகப் பார்ப்பாள்.
சிவப்புத் தடி நடாமலே
அவளுக்குக் கோடு தெரியும்.
கோட்டுக்கு வெளியே கால்வைத்த யூட்டை
ஒருநாள் சேட்டில் பிடித்து இழுத்தாள்.
"அதில ஊரிதானே அக்கா கிடக்கு?"
"ஊரியெண்டாலும்."

முதற் சட்டம்.
ஊரி நாற்பத்தொன்று.
நண்டு வளை ஏழு, ஒன்றின் வாசலில் ஈரம் காயவில்லை.
சாதாளை கால்வாசி மூடிக் கிடக்கிறது.
புழு கக்கிய மண்சுருள் நிறைய.
"நிறைய" என்று எழுதக்கூடாதாம்.
திரும்ப எண்ணினோம்:
முப்பத்தாறு. இல்லை, முப்பத்தேழு.

கடலட்டை என்ற கட்டத்தில்
பென்சில் நின்றுவிட்டது.

பயிற்சி நாளில்
யாழ்ப்பாணத்திலிருந்து வந்த துஷாந்தி
ரியூசன் கொட்டிலில் நின்று சொன்னாள்:
"காணாட்டி பூச்சியம் போடுங்கோ.
வெறுங்கட்டமா விடாதேங்கோ.
பூச்சியம் எண்டால் தேடினம், இல்லை.
வெறுமை எண்டால் தேடவேயில்லை.
ரெண்டையும் ஒண்டாக் கூட்டேலாது."
சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.
எல்லோரும் தாள் புரட்டினார்கள்.
நான் புரட்டவில்லை.

என் அலுமாரியில் ஒரு கோப்பு இருக்கிறது.
தம்பியின் பெயரில் ஒன்பது படிவங்கள்,
மூன்று ஆணைக்குழுக்களுக்கு.
உயரம், மச்சம், கடைசியாய் அணிந்திருந்த சாரத்தின் நிறம்.
கடைசியாகக் கண்ட இடம்: வட்டுவாகல்.
ஒரு கட்டமும் நான் விடவில்லை.
அடியில் மட்டும் ஒன்று,
"அலுவலகப் பாவனைக்கு மாத்திரம்".
ஒன்பதிலும் அது வெள்ளையாய்க் கிடக்கிறது.
ஒருவரும் அதில்
ஒரு பூச்சியம்கூடப் போடவில்லை.

"என்ன பாக்கிறாய்?" கலிஸ்ரா கேட்டாள்.
"ஒண்டுமில்லை."
"அப்ப எழுது."

எழுதினேன். வட்டத்தை
நன்றாக மூடி.

இரண்டாவது சட்டத்திலும் பூச்சியம்.
மூன்றாவதிலும்.
போன வருடம் இதே முடிச்சில் நான்கு கிடந்தன.
பண்ணைக்கு அள்ளிப் போனார்கள் என்கிறான் யூட்.
வெப்பம் என்கிறார் சங்கத் தலைவர்.
சண்டை பிடிக்கக் கட்டம் இல்லை இந்தத் தாளில்.
உள்ளான் குருவி இரண்டு
எங்களுக்கு முன்னால் ஓடி ஓடிக்
கொத்திப் பார்க்கின்றன,
அவைக்கும் கணக்கு ஏதோ இருக்கும்.

பதினேழாம் முடிச்சுக்கு வரும்போது
வெள்ளம் திரும்பிவிட்டது.
முதலில் வளைகளில் கொப்புளம்,
பிறகு கணுக்கால்.
கலிஸ்ரா இன்னும் குந்தியிருக்கிறாள்,
பாவாடை நனைய,
கலங்கல் தெளியும் தெளியும் என்று பார்த்தபடி.
தெளியவில்லை.

கரையேறிப் பலகையை வாங்கினேன்.
பதினேழு: வெறுங்கட்டம்.
எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள்.
பூச்சியம் போடவில்லை.
ஓரத்தில் இடம் பிடித்து,
பென்சிலை அழுத்தி, சின்ன எழுத்தில்:

பார்க்க முடியவில்லை.
தண்ணீர் வந்துவிட்டது.
அடுத்த வற்றுக்கு இதிலிருந்து தொடங்கவேண்டும்.

கீழே ஐந்து பேரும்
கையெழுத்து வைத்தோம்.